சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்... சும்மா கிடைக்கும் கிளவுடா?

"உங்க கம்ப்யூட்டர் ராத்திரி முழுக்க சும்மாதானே கிடக்கு? இந்த ஆப்பைப் போட்டுட்டுத் தூங்குங்க, காலையில காசு வந்திருக்கும்." இந்த மாதிரி வாக்குறுதியை ஏதாவது ஒரு யூடியூப் வீடியோவிலோ, டெலிகிராம் குரூப்பிலோ பார்க்காதவர்கள் இன்று குறைவு. உங்கள் டெஸ்க்டாப்பின் பிராசஸர், காலி ஹார்டு டிஸ்க், நெட் கனெக்‌ஷன் மூன்றையும் யாருக்கோ வாடகைக்கு விடுவதுதான் திட்டம். வாங்குபவருக்கு மலிவான கிளவுட், விற்பவருக்குப் பாக்கெட் மணி.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆபீஸ் டெஸ்க்டாப்பில் பெரும்பாலான நேரம் ஓடுவது ஒரு பிரவுசரும் எக்ஸெல்லும்தான். பிராசஸரின் திறனில் பெரும்பகுதி பயன்படுவதே இல்லை. ஹார்டு டிஸ்க் கதையும் அதேதான். 1990-களின் இறுதியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் தங்கள் நிறுவனத்திலேயே ஆயிரக்கணக்கான டெஸ்க்டாப்களை ஆராய்ந்தபோது, டிஸ்குகளில் சராசரியாகப் பாதி இடம் காலியாக இருந்தது. கட்டிப்போட்ட வீடு பூட்டிக் கிடப்பதுபோல. வாடகைக்கு விட்டால் என்ன?

இங்கேதான் ஒரு சின்னக் குழப்பம். தமிழில் 'சும்மா' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. வேலையில்லாமல் கிடப்பதும் சும்மா, காசில்லாமல் கிடைப்பதும் சும்மா. 'கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது' என்பது உண்மை. ஆனால் அதை வேலை வாங்குவது சும்மா கிடைப்பதில்லை. அதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

40 வருடத்துக்கும் பழைய ஐடியா

இது கிரிப்டோ காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை. கலிஃபோர்னியாவில் இருந்த ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில் ஜான் ஷாக், ஜான் ஹப் என்ற இருவர், ராத்திரியில் சும்மா இருக்கும் கம்ப்யூட்டர்களைத் தேடிப்பிடித்து வேலை செய்ய வைக்கும் புரோகிராம்களை எழுதினார்கள். அங்கே சுமார் 100 ஆல்டோ கம்ப்யூட்டர்கள் ஒரே நெட்வொர்க்கில் இருந்தன. அந்த புரோகிராம்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'வோர்ம்', அதாவது புழு. ஒரு கம்ப்யூட்டர் கை நழுவினால், காலியாக இருக்கும் இன்னொன்றுக்கு அது தானாகவே நகர்ந்துவிடும்.

ஒருநாள் ராத்திரி சின்ன புழு ஒன்றை ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். காலையில் வந்து பார்த்தால் கட்டடம் முழுக்க கம்ப்யூட்டர்கள் கிராஷ் ஆகிக் கிடந்தன. ரீஸ்டார்ட் செய்தால் புழு மறுபடியும் அதில் ஏறிக்கொண்டது, மறுபடியும் கிராஷ். கடைசியில் எல்லாவற்றையும் நிறுத்தும் அவசர உத்தரவை நெட்வொர்க்கில் அனுப்பித்தான் அதை அடக்க முடிந்தது. 1982-ல் வெளிவந்த ஆய்வுக்கட்டுரையில் அவர்களே இதை எழுதியிருக்கிறார்கள். அடுத்தவர் கம்ப்யூட்டரில் நம் புரோகிராமை ஓட்டுவதில் உள்ள வசதியும் ஆபத்தும் அந்த ஒரே ராத்திரியில் தெரிந்துவிட்டன.

1980-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மேடிசன் பல்கலைக்கழகத்தில் மிரான் லிவ்னியின் குழு இதை ஒழுங்குபடுத்தியது. அவர்கள் உருவாக்கிய மென்பொருளின் பெயர் காண்டோர். 1988-ல் வந்த அவர்களின் கட்டுரைத் தலைப்பே அதை 'சும்மா இருக்கும் கம்ப்யூட்டர்களை வேட்டையாடுவது' என்றுதான் அறிமுகப்படுத்தியது. விதி எளிமையானது. கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் கீபோர்டைத் தொட்டால் விருந்தாளி வேலை உடனே ஒதுங்க வேண்டும். அதுவரை செய்த கணக்கைப் பத்திரமாகக் குறித்துவைத்துக்கொண்டு, வேறு காலி மெஷினுக்குப் போய் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

வேற்றுகிரகவாசிகளைத் தேடிய ஸ்க்ரீன் சேவர்

இந்த ஐடியாவை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது செட்டி அட் ஹோம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து 1999 மே 17-ல் தொடங்கப்பட்டது. போர்ட்டோ ரிக்கோவின் அரசிபோ ரேடியோ தொலைநோக்கியில் பதிவாகும் சிக்னல்களில் வேற்றுகிரக அறிவின் தடயம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவதுதான் வேலை. ஒரே இடத்தில் வைத்து அலச முடியாத அளவுக்கு டேட்டா. அதனால் அதைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரித்தார்கள். ஒரு பொட்டலம் சுமார் 107 விநாடிப் பதிவு, 350 கேபி அளவு. டயல் அப் நெட்டிலும் இறக்கிவிடலாம். நீங்கள் காபி குடிக்கப் போனதும் ஸ்க்ரீன் சேவர் ஓடும். பின்னணியில் பொட்டலம் பிரிபடும்.

50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதில் சேர்ந்தார்கள். வேற்றுகிரகவாசி கிடைக்கவில்லை. 2020 மார்ச் 31-ல் புதிய பொட்டலங்கள் அனுப்புவதும் நிறுத்தப்பட்டது. ஆனால் இந்த முயற்சியிலிருந்து பிறந்த பாய்ங்க் என்ற மென்பொருள், ஐன்ஸ்டைன் அட் ஹோம் போன்ற பல அறிவியல் திட்டங்களுக்கு அடித்தளமானது. அதே ஐன்ஸ்டைன் அட் ஹோமில் 2010-ல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இருந்த தன்னார்வலர்களின் கம்ப்யூட்டர்கள் ஒரு புதிய பல்சார் நட்சத்திரத்தையே கண்டுபிடித்தன.

உச்சம் வந்தது கோவிட் காலத்தில். 2000-ல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய ஃபோல்டிங் அட் ஹோம், புரதங்கள் எப்படி மடிகின்றன, அசைகின்றன என்று கணக்கிடும் திட்டம். கொரோனா வைரஸின் புரதங்களை ஆராயப்போவதாக அது அறிவித்ததும், 2020 மார்ச்சில் உலகமே வரிசையில் வந்து நின்றது. ஊரடங்கில் வீட்டில் இருந்தவர்கள் தங்கள் கேமிங் பிசியைக் கொடுத்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்ததில், மொத்தத் திறன் ஒரு எக்ஸாஃப்ளாப்பைத் தாண்டியது. அதாவது விநாடிக்கு 1-க்குப் பின்னால் 18 பூஜ்ஜியம் போட்ட அளவு கணக்குகள். அன்று உலகின் நம்பர் ஒன் சூப்பர் கம்ப்யூட்டராக இருந்த அமெரிக்காவின் சம்மிட்டைவிடப் பல மடங்கு அதிகம். வைரஸின் ஸ்பைக் புரதம் எப்படித் திறந்துகொள்கிறது என்று அந்தக் கணக்குகள் காட்டின.

அதே மார்ச்சில் நடந்த இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படவில்லை. வந்து குவிந்த கம்ப்யூட்டர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்க வேண்டிய சர்வர்கள் திணறின. தன்னார்வலர்கள் பலர் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை வராமல் காத்திருந்தார்கள். லட்சக்கணக்கான ஓசி கம்ப்யூட்டர்கள் இருந்தும், நடுவில் நின்று கணக்கு வைக்கக் காசு கொடுத்து வாங்கிய சர்வர் தேவைப்பட்டது.

எந்த வேலைக்கு ஒத்துவரும், எதற்கு வராது?

கல்யாண வீட்டில் முதல்நாள் ராத்திரி காய் நறுக்குவதை நினைத்துப் பாருங்கள். அக்கம்பக்கத்து அத்தைகள், சித்திகள் எல்லாம் அரிவாள்மனையோடு உட்கார்ந்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு குவியல். ஒருவர் பாதியில் எழுந்து போனாலும் அந்தக் குவியலைப் பக்கத்தில் இருப்பவர் இழுத்துக்கொள்வார். யார் முதலில் முடித்தாலும் பிரச்சினை இல்லை. விடிவதற்குள் முடிந்தால் போதும். செட்டியும் ஃபோல்டிங்கும் இந்த வகை வேலைகள்.

ஆனால் காலையில் பந்தி பரிமாறும்போது கதை வேறு. சாம்பார் வாளியோடு வருபவர் நடுவில் காணாமல் போனால் இலையில் உட்கார்ந்திருப்பவர் எழுந்துவிடுவார். நாம் தினமும் பயன்படுத்தும் கிளவுட் சேவைகள் பெரும்பாலும் பந்தி வகை. யுபிஐ ஆப், டிக்கெட் புக்கிங், ஆபீஸ் டாக்குமெண்ட் எல்லாமே கேட்ட நொடியில் வர வேண்டும். அந்த நேரத்தில் யாரோ ஒருவர் வீட்டில் கரன்ட் போய்விட்டது என்றோ, பையன் கேம் விளையாட உட்கார்ந்துவிட்டான் என்றோ காரணம் சொல்ல முடியாது.

இதற்கு உலகம் பார்த்த உதாரணம் ஸ்கைப். ஆரம்ப காலத்தில் ஸ்கைப் தன் அழைப்புகளை ஒருங்கிணைக்கப் பயனர்களின் கம்ப்யூட்டர்களையே பயன்படுத்தியது. நல்ல நெட் வேகம் உள்ள பிசிக்கள் 'சூப்பர்நோட்' ஆகிவிடும். மற்றவர்களின் இணைப்புகளை அவை தாங்கும். செலவில்லாமல் கோடிக்கணக்கான பயனர்களுக்குச் சேவை. 2007 ஆகஸ்ட் 16-ல் அந்த நெட்வொர்க் சரிந்தது. முழுதாகச் சரியாக சுமார் இரண்டு நாள் ஆனது. காரணம் ஹேக்கர் இல்லை. வழக்கமான விண்டோஸ் அப்டேட் வந்ததில், குறுகிய நேரத்துக்குள் உலகம் முழுக்க ஏகப்பட்ட கம்ப்யூட்டர்கள் ரீஸ்டார்ட் ஆயின. எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பவும் லாகின் ஆக முட்டி மோத, அந்த நெரிசலைச் சமாளிக்க வேண்டிய மென்பொருளில் இருந்த ஒரு பிழை வெளிப்பட்டது. ஸ்கைப் நிறுவனமே இப்படித்தான் விளக்கம் சொன்னது. ஸ்கைப்பை வாங்கிய மைக்ரோசாஃப்ட், 2012-ல் பயனர்களின் சூப்பர்நோட்களை ஓரங்கட்டிவிட்டுத் தன் சொந்த சர்வர்களுக்கு மாறியது.

ஸ்டோரேஜ்: ஒரு ஃபைலை 80 வீட்டில் வைப்பது எப்படி?

கணக்குப் போடுவதாவது பரவாயில்லை, பாதியில் போனால் மறுபடியும் போடலாம். உங்கள் கல்யாண ஆல்பத்தை யாரோ ஒருவரின் ஹார்டு டிஸ்கில் வைத்தால்? அவர் விண்டோஸை ஃபார்மட் செய்தால் போச்சு.

இதற்கு அழகான ஒரு தீர்வு உண்டு. ஃபைலை முதலில் உங்கள் கம்ப்யூட்டரிலேயே பூட்டி, அதாவது என்க்ரிப்ட் செய்து, பிறகு துண்டுகளாக்குவார்கள். வெறும் துண்டு இல்லை, கணித முறையில் கூடுதல் துண்டுகளையும் உருவாக்குவார்கள். ஸ்டோர்ஜ் என்ற நெட்வொர்க் விவரித்த முறையில் ஒரு பகுதி 80 துண்டுகளாகி வெவ்வேறு கம்ப்யூட்டர்களுக்குப் போகும். அவற்றில் ஏதாவது 29 கிடைத்தால் போதும், அசலை மீட்டுவிடலாம். 51 பேர் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டரை அணைத்தாலும் உங்கள் போட்டோ பத்திரம். துண்டை வைத்திருப்பவருக்கோ அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

ஆனால் கணக்கைக் கவனியுங்கள். 29 துண்டு இருக்க வேண்டிய இடத்தில் 80 துண்டு. ஒரு ஜிபி ஃபைலுக்குக் கிட்டத்தட்ட 2.75 ஜிபி இடம் வேண்டும். யாராவது விலகினால் அந்தத் துண்டுகளைப் புதிதாக உருவாக்கி வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு நெட் வேண்டும். ஆள் எவ்வளவு அடிக்கடி மாறுகிறாரோ, அவ்வளவு ரிப்பேர் செலவு. அதனால்தான் இப்படிப்பட்ட நெட்வொர்க்குகளில் காலப்போக்கில் நிலைத்து நிற்பவை, ராத்திரி மட்டும் ஆன் ஆகும் டெஸ்க்டாப்கள் அல்ல. 24 மணி நேரமும் ஓடுவதற்கென்றே வைக்கப்பட்ட மெஷின்கள். 'சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்' என்ற முதல் வாதமே அங்கே காணாமல் போய்விடுகிறது.

சுவிட்சர்லாந்தின் வுவாலா இதற்குப் பழைய சாட்சி. ஜூரிக்கின் இடிஎச் பல்கலைக்கழகத்தில் பிறந்து 2008-ல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. பண்டமாற்று முறை: உங்கள் டிஸ்கில் 10 ஜிபி கொடுங்கள், உங்கள் கம்ப்யூட்டர் 70 சதவீத நேரம் ஆன்லைனில் இருந்தால் 7 ஜிபி கிளவுட் இடம் உங்களுக்கு. நியாயமான ஒப்பந்தம்தான். 2011-ல் அந்தப் பண்டமாற்றை நிறுத்தி, டேட்டா முழுவதையும் தங்கள் சர்வர்களுக்கே கொண்டுபோனார்கள். 2015-ல் சேவையே மூடப்பட்டது. டேட்டா சென்டரில் ஹார்டு டிஸ்க் விலை விழ விழ, அடுத்த வீட்டு டிஸ்கைச் சமாளிக்கும் தலைவலிக்கு அர்த்தமில்லாமல் போயிற்று.

கரன்ட் பில் யார் கட்டுவது?

1999-ல் செட்டிக்குக் கம்ப்யூட்டர் கொடுத்தவர்கள் ஏமாளிகள் இல்லை. அன்றைய டெஸ்க்டாப் பிராசஸர், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடுத்துக்கொண்ட கரன்ட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. எப்படியும் எரியப்போகும் விளக்கின் கீழே இன்னொருவர் உட்கார்ந்து படிப்பதுபோல. அன்று அது கிட்டத்தட்ட உண்மையான ஓசி.

இன்றைய பிராசஸர்கள் அப்படி இல்லை. வேலை இல்லாதபோது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பாகம் பாகமாகத் தூங்கும். வேலை கொடுத்தால்தான் முழுசாகக் கரன்ட் இழுக்கும். கேமிங் பிசியில் கிராஃபிக்ஸ் கார்டும் ஓடினால் வித்தியாசம் சில நூறு வாட்டுக்குப் போகும்.

குறைவாகவே வைத்துக் கணக்குப் போடுவோம். ஆப்புக்காக உங்கள் டெஸ்க்டாப் கூடுதலாக 100 வாட் எடுக்கிறது, நாள் முழுக்க ஓடுகிறது என்றால் ஒருநாளைக்கு 2.4 யூனிட். மாதம் 72. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பதால், ஒரு பில்லில் 144 யூனிட் கூடும். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் 1,152 ரூபாய். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் வீட்டு இணைப்புக்கு ஸ்லாபே மாறிவிடும் என்பது தமிழ்நாட்டில் பில் கட்டும் எல்லோருக்கும் தெரியும். ஏற்கெனவே ஏசி ஓடும் வீட்டில் இந்த 144 யூனிட், மொத்த பில்லையும் அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம். அப்பா பெயரில் வரும் பில்லில் இது தனியாகத் தெரியாது. ஆப்பில் வரும் காசு மட்டும் உங்கள் போனில் தெரியும்.

மறுபுறம் டேட்டா சென்டர்காரர் மொத்தமாக வாங்கும் மின்சாரத்தில், அதே கணக்கை அதைவிடக் குறைந்த வாட்டில் முடிக்கும் சிப்புகளை வைத்திருக்கிறார். 2024 அக்டோபரில் இந்தப் போட்டி எங்கே வந்து நிற்கிறது என்று ஒரு எண் காட்டிக்கொடுத்தது. 1996 முதல் உலகம் முழுக்கத் தன்னார்வலர்களின் பிசிக்களை வைத்து மிகப்பெரிய பகா எண்களைத் தேடிவரும் ஜிம்ப்ஸ் திட்டத்தில், 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட புதிய பகா எண் கிடைத்தது. 28 வருடங்களாக இந்தப் பெரிய எண்களைக் கண்டுபிடித்து வந்தவை சாதாரண பிசிக்கள். இந்த முறை கண்டுபிடித்தவை பல நாட்டு டேட்டா சென்டர்களில் வாடகைக்கு எடுத்த கிராஃபிக்ஸ் சிப்புகள். சும்மா கிடக்கும் டெஸ்க்டாப்பின் கோட்டையிலேயே கிளவுட் ஜெயித்துவிட்டது.

உங்கள் ஐபி முகவரியில் வேறு யாரோ

கரன்ட் பில்லைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. 'சும்மா சம்பாதிக்கலாம்' ஆப்களில் ஒரு பகுதி உங்கள் பிராசஸரையோ டிஸ்கையோ வாடகைக்கு எடுப்பதே இல்லை. அவற்றுக்கு வேண்டியது உங்கள் வீட்டு ஐபி முகவரி. அடுத்தவரின் இணையப் போக்குவரத்து உங்கள் ரவுட்டர் வழியாக வெளியே போகும். எதிர்முனையில் இருக்கும் தளத்துக்கு, வந்தது நீங்கள்தான் என்று தெரியும்.

2015-ல் ஹோலா என்ற இலவச விபிஎன் சேவையைச் சுற்றி எழுந்த சர்ச்சை இதுதான். இலவசப் பயனர்களின் இணைப்புகள், லூமினாட்டி என்ற பெயரில் காசு கொடுக்கும் வாடிக்கையாளர்களுக்கு விற்கப்பட்டன. பலருக்கு அது தெரியவே தெரியாது. அங்கேயாவது அது விதிமுறைகளுக்குள் எங்கோ எழுதப்பட்டிருந்தது. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை முடக்கிய '911 எஸ்5' நெட்வொர்க்கில் அதுவும் இல்லை. இலவச விபிஎன் என்ற பெயரில் பரவிய மென்பொருள்கள் வழியாக, கிட்டத்தட்ட 200 நாடுகளில் 1.9 கோடி ஐபி முகவரிகள் அதன் பிடியில் இருந்ததாக நீதித்துறை சொன்னது. அவற்றை வாடகைக்கு எடுத்தவர்கள் நிதி மோசடி முதல் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள் வரை பயன்படுத்தினார்கள். அந்த 1.9 கோடியில் பெரும்பாலோர் குற்றவாளிகள் அல்ல. இலவச ஆப் ஒன்றை இன்ஸ்டால் செய்தவர்கள், அவ்வளவுதான். ஆனால் விசாரணை முதலில் வந்து நிற்பது ஐபி முகவரி காட்டும் வீட்டு வாசலில்.

நல்ல நோக்கம் இருந்தாலும் அனுமதி முக்கியம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்ட ஊழியர், டிஸ்ட்ரிபியூட்டட் டாட் நெட் என்ற தன்னார்வத் திட்டத்தின் மென்பொருளைக் கல்லூரி கம்ப்யூட்டர்களில் போட்டுவைத்தார். சும்மா கிடக்கும் நேரத்தைப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் அவரது எண்ணம். 2001-ல் அவர் மீது கிரிமினல் வழக்கு. பயன்படுத்திய நெட்டுக்கு இழப்பீடாக 4 லட்சம் டாலருக்கும் மேல் பேசப்பட்டது. 2002-ல் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 2,100 டாலர், சமூக சேவை என்று சமரசமாக முடிந்தது. இந்தியாவிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-வது பிரிவு, பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவதற்கு இழப்பீடு கேட்க வழி செய்கிறது. ஆபீஸ் மெஷினில் 'சும்மா ஒரு ஆப்தானே' என்று போடுவதற்கு முன் இதை நினைவில் வைப்பது நல்லது.

அப்படியானால் இது வீண் ஐடியாவா?

இல்லை. இரண்டு இடங்களில் இது இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது.

ஒன்று, தானம். ஃபோல்டிங், ஐன்ஸ்டைன் போன்ற திட்டங்களில் சேர்பவர் கரன்ட் செலவைத் தெரிந்தே ஏற்கிறார். எங்கே போகிறது என்று தெரிகிறது, முடிவுகள் ஆய்வுக்கட்டுரைகளாக வெளியே வருகின்றன. ரத்த தானம் போலத்தான். கொடுப்பவருக்கு விலை தெரியும்.

இரண்டு, ஒரே கூரையின் கீழ். காண்டோர் இன்று எச்டி காண்டோர் என்ற பெயரில் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளாகக் கிடைக்கிறது. 2016-ல் ஈர்ப்பலைக் கண்டுபிடிப்பை அறிவித்த லைகோ விஞ்ஞானிகளின் கணக்குகளுக்குப் பின்னாலும் அது இருந்தது. ஒரு பல்கலைக்கழகமோ பெரிய கல்லூரியோ தன் லேப் கம்ப்யூட்டர்களை இப்படிக் கோத்தால், கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரர், கரன்ட் பில் கட்டுபவர், பலன் பெறுபவர் மூவரும் ஒருவரே. ஐபி ரகசியம் இல்லை, கமிஷன் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூட்டப்படும் லேப், எம்.டெக், பிஎச்.டி மாணவரின் ஒருவாரக் கணக்கை ராத்திரியோடு ராத்திரியாக முடித்துக் கொடுக்கலாம். கிளவுடில் ஜிபியு வாடகைக்கு எடுக்கக் காசில்லாத மாணவருக்கு இது சின்ன உதவி இல்லை. இதற்குத் தேவை புதிய பட்ஜெட்டைவிட, ஒரு சிஸ்டம் அட்மினும் நிர்வாகத்தின் எழுத்துபூர்வமான அனுமதியும்தான்.

வீட்டில் பழைய டெஸ்க்டாப் இருப்பவர்களுக்கும் வழி உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத மெஷின்கள் பல வீடுகளில் ஓரமாக நிற்கின்றன. பாதுகாப்பு அப்டேட் வராத மெஷினை ஊரார் டேட்டாவுக்குத் திறந்துவிடுவது ஆபத்து. அதற்குப் பதில் லினக்ஸ் போட்டு, நெக்ஸ்ட்கிளவுட் மாதிரி ஒரு இலவச மென்பொருளை ஏற்றினால், குடும்ப போட்டோக்களுக்கான சொந்த ஸ்டோரேஜ் ரெடி. தேவையான நேரம் மட்டும் ஆன் செய்தால் பில்லும் ஏறாது. முக்கியமானதற்கு இன்னொரு காப்பி வேறு இடத்தில் இருக்கட்டும்.

மற்றபடி 'தூங்கும்போது சம்பாதியுங்கள்' என்று வரும் ஆப்களிடம் நேராகக் கேட்க வேண்டியவை சில உண்டு. என் பிராசஸரா, டிஸ்கா, ஐபி முகவரியா, எதை எடுக்கிறீர்கள்? அதைக் கடைசியில் பயன்படுத்துபவர் யார்? தவறு நடந்தால் பொறுப்பு யாருக்கு? வருகிற காசு, கூடுகிற யூனிட்டுக்குக் கட்டுப்படியாகுமா? நினைத்தபோது ஒரே கிளிக்கில் நிறுத்த முடியுமா? இவற்றுக்கு முதல் திரையிலேயே, படிப்பவருக்குப் புரியும் மொழியில் பதில் சொல்வதைக் கட்டாயமாக்க வேண்டும். 40 பக்க விதிமுறையின் அடியில் 'நான் ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு டிக் வாங்குவது, உண்மையான சம்மதம் ஆகாது.

அதுவரை ஒரு சின்ன வேலை செய்யலாம். இன்று ராத்திரி கம்ப்யூட்டரை அணைப்பதற்கு முன், எல்லா விண்டோவையும் மூடிவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஐந்து நிமிடம் பாருங்கள். நீங்கள் எதையும் தொடாமல் இருக்கும்போதும் சிபியுவோ நெட்வொர்க்கோ மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தால், அது அப்டேட்டா, ஆன்டிவைரஸா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், சும்மா கிடப்பதாக நீங்கள் நினைத்த கம்ப்யூட்டருக்கு ஏற்கெனவே ஒரு வாடகைதாரர் வந்திருக்கலாம். வாடகை யாருக்குப் போகிறது என்று விசாரிக்க வேண்டிய நேரம் அது.